கொழுந்துக் கணக்கும் பிளிங்கும்: மூன்று ஆண்டுப் பாவனைக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

ஹட்டனில் சிறிய கணினிச் சேவை நிலையமொன்றை நடத்திவரும் நான், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கங்களிலுள்ள நான்கு தேயிலைத் தொழிற்சாலைகளின் கொழுந்துக் கணக்கை ஒவ்வோர் இரவும் கொழும்பிலுள்ள சேவையகத்துக்கு அனுப்பிவைக்கும் வேலையை மூன்று ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) எடை போட்ட கொழுந்தின் கிலோக் கணக்கு, கொழுந்தெடுத்தவரின் பெயர், செக்ரோல் (சம்பளப் பதிவேட்டு) இலக்கம், கொழுந்தெடுத்த மலையின் இலக்கம் ஆகியவை மாலையில் தொழிற்சாலை அலுவலகக் கணினியில் பதியப்படும். இரவு ஒன்பதரை மணிக்குள் அவை கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தால்தான், சரிபார்த்த பட்டியல் மறுநாள் காலைப் பிரட்டுக்கு (தொழிலாளரை வேலைக்குப் பிரித்துவிடும் கூட்டத்துக்கு) முன்னர் திரும்பி வரும். இந்த வேலைக்கு நான் தெரிவு செய்தது ‘பிளிங்க்’ என்ற கட்டளை வரி மென்பொருள். அதன் நிறைகளையும், என்னைச் சில இரவுகள் தூங்கவிடாத குறைகளையும், அதே வேலையை எதிர்நோக்கும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

பிளிங்க் தனியாகப் பிறந்த மென்பொருள் அன்று. சைமன் டாதம் என்ற ஆங்கிலேய நிரலாளர் 1990களின் பிற்பகுதியில் எழுதத் தொடங்கி, இன்றுவரை ஒரு சிறு குழுவுடன் பராமரித்துவரும் ‘புட்டி’ என்ற தொலைமுனைய மென்பொருளின் குடும்பத்தைச் சேர்ந்தது. (அலுவலகக் கணினியில் புட்டி வைக்கப்போகிறேன் என்று முதன்முதலில் சொன்னபோது, பெரிய கிளாக்கர் என்னை ஏற இறங்கப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.) புட்டியைத் திறந்தால் ஒரு கறுப்புச் சாளரம் வரும், தொலைவிலிருக்கும் லினக்ஸ் கணினியில் நாமே உட்கார்ந்து தட்டச்சு செய்வதுபோல அதில் வேலை செய்யலாம். பிளிங்க் என்பது அந்தப் புட்டியின் உள்ளிருக்கும் அதே எஸ்எஸ்எச் (தொலைகணினியுடன் மறையாக்கத்தோடு பேசும் முறை) இயந்திரம்தான், சாளரம் மட்டும் இல்லை. மனிதரின் கண்ணுக்கும் விரலுக்கும் பதிலாக, ஒரு கோப்பையோ வேறொரு நிரலையோ அதன் இரு முனைகளிலும் பொருத்தலாம். இந்தக் கணினியில் ஒரு நிரல் துப்பும் தரவை அது வாங்கி, மறையாக்கம் செய்து, கொழும்பிலுள்ள கணினியில் ஓடும் இன்னொரு நிரலின் வாயில் ஊற்றும்; அங்கிருந்து வரும் விடையை இங்கே திருப்பித் தரும்.

மலையகத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மேலே எங்கோ ஊற்றுக்கண்ணில் பிடித்த தண்ணீர் குழாய் வழியாக வந்து லயத்துக்குப் பக்கத்திலுள்ள பீலியில் விழுவது போன்றதே இந்த வேலை. குழாய்க்குத் தண்ணீரைப் பற்றி எதுவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பிளிங்கின் பெரிய பலமும், பின்னால் சொல்லப்போகும் பெரிய பலவீனமும் இதுவேதான்.

பயன்படுத்தத் தொடங்குவதில் சிரமமே இல்லை. ஏறக்குறைய ஒரு மெகாபைட் அளவுள்ள ஒற்றைக் கோப்பு அது. நிறுவத் தேவையில்லை, பென் டிரைவில் கொண்டுபோய் ஒரு கோப்புறையில் போட்டால் போதும். எம்ஐடி உரிமத்தில் வருவதால் நிறுவனப் பாவனைக்கும் ஒரு சதம் கொடுக்க வேண்டியதில்லை. நான்கு தொழிற்சாலைகளில் ஒன்றில் இன்னமும் விண்டோஸ் 7 கணினிதான் இருக்கிறது. அதிலும் முறுமுறுக்காமல் ஓடுகிறது. ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன்: தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத்தை அழுத்தி இதைத் தரவிறக்கக் கூடாது. புட்டியின் பெயரில் தீநிரல் கலந்த போலிப் பிரதிகள் பலமுறை பரப்பப்பட்டுள்ளன. டாதம் நடத்தும் பக்கத்திலிருந்தே எடுத்து, கோப்பிலுள்ள மின்கையொப்பத்தையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டளைத் தெரிவுகளை ஒவ்வொன்றாக விளக்குவது இங்கே என் நோக்கமன்று. லினக்ஸின் எஸ்எஸ்எச் கட்டளைக்குப் பழகியவர்கள் ஓர் இடத்தில் மட்டும் கட்டாயம் தடுக்கி விழுவார்கள்: துறை (‘போர்ட்’) இலக்கத்தைக் குறிக்க அங்கே சின்ன ‘பி’ எழுத்து, இங்கே பெரிய ‘பி’. நான் விழுந்திருக்கிறேன். மற்றப்படி, புட்டிச் சாளரத்தில் ஒரு முறை அமைத்துச் சேமித்த இணைப்பைப் பெயர் சொல்லி அழைத்தாலே சேவையக முகவரி, பயனர் பெயர், திறவுகோல் எல்லாவற்றையும் பிளிங்க் அதிலிருந்து எடுத்துக்கொள்வது மிக வசதியானது. அந்தச் சேமிப்பில் ‘உயிர்த்துடிப்பு’ (இணைப்பு அறாமலிருக்க அவ்வப்போது அனுப்பும் வெற்றுச் செய்தி) இடைவெளியையும் அமைக்கலாம். தானாக வரும் அமைப்பில் அது பூச்சியமாக, அதாவது அணைந்ததாகவே இருக்கும். எங்கள் பகுதியின் கைபேசி இணையத்திலோ சில நிமிடங்கள் அமைதியாக இருக்கும் இணைப்பை வலையமைப்பே வெட்டிவிடுகிறது. அதனால் நான் 30 செக்கன் என்று வைத்திருக்கிறேன். கொழும்பில் ஒரு பெரிய கணக்குத் தேடல் ஓடிக்கொண்டிருக்கையில் இணைப்பு சும்மா கிடந்து செத்துப்போவது அதோடு நின்றது.

இனி, முதல் தொல்லை. கையால் தட்டி ஓட்டியபோதெல்லாம் ஒழுங்காக வேலை செய்த கட்டளையை, விண்டோஸில் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் ‘டாஸ்க் ஷெடியூலர்’ மூலம் இரவு ஒன்பது மணிக்குத் தானாக ஓடும்படி அமைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் தொலைபேசி ஒலித்தது. கொழும்பில் ஒன்றும் வந்து சேரவில்லை. இங்கே வந்து பார்த்தால், முந்தைய இரவு தொடங்கிய வேலை இன்னும் ‘ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று காட்டுகிறது. காரணம் இதுதான். ஒரு சேவையகத்துடன் முதன்முறை இணையும்போது, அதன் அடையாளத் திறவுகோலான ‘ஹோஸ்ட் கீ’யை நம்பலாமா என்று பிளிங்க் கேட்கும், ஆம் என்றால் விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில், அந்தப் பயனருக்குரிய பகுதியில் மட்டும் குறித்துவைக்கும். நான் கையால் ஓட்டியது என் பெயரில். ஷெடியூலர் ஓட்டியதோ ‘சிஸ்டம்’ என்ற கணக்கின் பெயரில். அந்தக் கணக்குக்கு கொழும்புச் சேவையகம் முன்பின் தெரியாத அந்நியன். ஆகவே பிளிங்க், யாருமில்லாத அறையில், யாரும் பார்க்க முடியாத திரையில், நம்பலாமா என்று கேட்டுவிட்டு விடியும்வரை பதிலுக்காகக் காத்திருந்திருக்கிறது.

இதற்கு இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் வைத்தியம், ‘ஒய்’ என்ற எழுத்தை முன்கூட்டியே குழாய் வழியாக உள்ளே தள்ளிவிடுவது. அது வைத்தியமன்று, வாசலில் நிற்பவர் யாரென்று பாராமலே கதவைத் திறந்துவிடும் வேலை. எதிர்முனையில் யாருடைய கணினி இருந்தாலும் அது ஆம் என்றே சொல்லும். அதோடு, நமக்கு அந்தக் குழாய்வாய் தரவை ஊற்றுவதற்குத் தேவைப்படுகிறது. முறையான வழி இரண்டு தெரிவுகளைச் சேர்த்துப் பயன்படுத்துவதாகும். ‘ஹோஸ்ட் கீ’ தெரிவின் மூலம் சேவையகத்தின் ரேகையை (அதன் அடையாளத் திறவுகோலின் சுருக்க வடிவத்தை), கொழும்பிலிருந்து தொலைபேசியில் எழுத்து எழுத்தாக வாசித்து உறுதிசெய்துகொண்ட பிறகு, கட்டளையிலேயே எழுதிவிட வேண்டும். ‘பாட்ச்’ தெரிவின் மூலம், எந்தக் காரணத்துக்காகவும் கேள்வி கேட்டு நிற்காமல் பிழை சொல்லி உடனே வெளியேறும்படி பணித்துவிட வேண்டும். இவ்விரண்டும் இல்லாத தானியங்கிக் கட்டளையை நான் இன்று எந்தத் தொழிற்சாலையிலும் விட்டுவைப்பதில்லை. ஆனால் ஒரு முறைப்பாடு உண்டு: தானியங்கி வேலைக்கென்றே எழுதப்பட்ட கருவி, தானாக எடுத்துக்கொள்ளும் நிலையில் முன்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்று ஏன் கருத வேண்டும்?

இரண்டாவது தொல்லையைப் பிளிங்கின் கணக்கில் எழுதுவது அநியாயம். ஆனால் விண்டோஸில் அதைப் பயன்படுத்தும் தமிழர் எவருக்கும் இது நேரக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். புதுமைக்கு ஆசைப்பட்டு, பழைய கட்டளைச் சாளரத்தை விட்டுவிட்டு, பவர்ஷெல் என்ற புதிய கட்டளைச் சாளரத்தில் கோப்பை வாசித்துப் பிளிங்குக்குக் குழாய்வழி அனுப்பும்படி ஒரு தொழிற்சாலையில் மாற்றினேன். மறுநாள் அங்கிருந்த கிளாக்கர் ஐயா, “தம்பி, ஆளுகளோட பேரெல்லாம் போய் வெறும் கேள்விக்குறியா வந்திருக்கே, இன்னிக்கு யாருக்குப் பேர் போடுறது?” என்று கேட்டார். எடைகள் சரியாக இருந்தன, செக்ரோல் இலக்கங்கள் சரியாக இருந்தன, பெயர்கள் மட்டும் அழிந்திருந்தன. செக்ரோல் இலக்கத்தை வைத்து அன்றைய பேரை (ஒரு நாள் வேலைக்கான பதிவை)ப் போட்டு முடித்துவிட்டோம் என்றாலும், எனக்குத் தலைகுனிவுதான்.

பழியைப் பிளிங்கின் மேல் போட்டுவிடலாமென்று முதலில் நினைத்தேன். ஆனால் அந்தக் கேள்விக்குறிகளை எண்ணிப் பார்த்தபோதுதான் விடயம் புரிந்தது. ‘முத்தம்மா’ என்ற பெயர் கண்ணுக்கு ஐந்தெழுத்து. கணினிக்குள் உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் ஒன்பது குறியீடுகள். எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப் 8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் வீதம் இருபத்தேழு பைட்டுகள். விண்டோஸுடன் வரும் பவர்ஷெல் 5.1, வெளி நிரலுக்குக் குழாய்வழி எதையாவது அனுப்பும்போது, நாம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், அதை ஆஸ்கி என்ற, ஆங்கில எழுத்துகளும் சில குறிகளும் மட்டுமே உள்ள பழைய தொகுதியின் எழுத்துகளாக மாற்றியே அனுப்புகிறது. ஆஸ்கியில் இல்லாத ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குறியாகிவிடுகிறது. முத்தம்மாவுக்கு ஒன்பது கேள்விக்குறி வந்திருந்தால், பவர்ஷெல் கோப்பைத் தமிழென்று சரியாக வாசித்துவிட்டு அனுப்பும்போது கெடுத்திருக்கிறது என்று பொருள். இருபத்தேழு வந்திருந்தால், கோப்பின் தலையில் யூடிஎஃப் அடையாளம் இல்லாததால் வாசிக்கும்போதே பைட்டு பைட்டாகப் பிரித்துப் பிழையாக வாசித்துவிட்டது என்று பொருள். எங்களுக்கு வந்தது இருபத்தேழு. பிளிங்க், தன் கைக்கு வந்த இருபத்தேழு கேள்விக்குறிகளையும் ஒன்றுகூடச் சிந்தாமல் கொழும்பில் சேர்த்திருந்தது.

எழுத்துக் கோப்புக்கே இந்த நிலை என்றால், சுருக்கிய கோப்புகளையும் படங்களையும் அந்த வழியில் அனுப்பினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 2023 நவம்பரில் வெளியான பவர்ஷெல் 7.4 இலிருந்துதான் ஒரு வெளி நிரலிலிருந்து மற்றொரு வெளி நிரலுக்குப் பைட்டுகள் உருமாறாமல் போகின்றன. நான் பழைய கட்டளைச் சாளரத்துக்கே திரும்பிவிட்டேன். அதில் ‘<’ குறியைப் போட்டுக் கோப்பை நேரே பிளிங்கின் வாயில் வைத்தால், இடையில் எவரும் கைவைப்பதில்லை. பவர்ஷெல்லில் அந்தக் குறியே செல்லாது.

இதனோடு ஒட்டிய இன்னொரு சிறு குறிப்பு: தொலைகணினியில் ஓட்டவேண்டிய கட்டளையைச் சேர்த்துக் கொடுக்கும்போது பிளிங்க் போலி முனையம் (மனிதர் ஒருவர் திரைமுன் இருப்பதுபோன்ற பாவனை) எதையும் கேட்பதில்லை, அதுவே சரி. வண்ண எழுத்துக்கோ, கடவுச்சொல் கேட்கும் நிரலுக்கோ ஆசைப்பட்டுச் சின்ன ‘டி’ தெரிவைச் சேர்த்து முனையத்தை வரவழைத்தால், வரிமுடிவுகள் மாறி, அந்த வழியில் வரும் சுருக்கிய கோப்பு விரியாது.

மூன்றாவது தொல்லைதான் முக்கியமானது. பீலி உவமையை நான் எடுத்ததன் காரணமும் இதுவே. பீலியில் தண்ணீர் நின்றுபோனால், மேலே ஊற்று வற்றிவிட்டதா, இடையில் காட்டுப்பன்றி குழாயைப் பிடுங்கிவிட்டதா என்று பீலிக்குக் கீழே குடத்துடன் நிற்பவருக்குத் தெரியாது. எஸ்எஸ்எச் குழாயின் மறுமுனையில் நிற்கும் நிரலின் நிலையும் அதுதான்.

மாத முடிவில் தொழிற்சாலையின் முழுத் தரவுத்தளத்தையும் ஒரே எழுத்துக் கோப்பாக இறக்கிக் கொழும்புக்கு அனுப்புவது வழக்கம். தொடக்கத்தில், கொழும்பில் அதை வாங்கும் நிரலாக ‘கேட்’ கட்டளையை வைத்திருந்தேன். வரும் தரவை அது தற்காலிகப் பெயரில் எழுதும்; வெற்றியாக முடிந்தால் மட்டும் ‘&&’ குறிக்குப் பின்னுள்ள கட்டளை அந்தக் கோப்பை உண்மைப் பெயருக்கு மாற்றும். பாதிக் கோப்பு ஒருபோதும் முழுக் கோப்பின் பெயரைப் பெறாது என்பது என் எண்ணம். பார்ப்பதற்கு எவ்வளவு பாதுகாப்பான ஏற்பாடு! யூலை மாதத்து மழை இரவொன்றில், இடியோடு இணையமும் போனது. இங்கே பிளிங்க், இணைப்பு அறுந்தது என்று பிழை காட்டிச் செத்தது; அது சரியான நடத்தையே. ஆனால் கொழும்பில் மாத முடிவுக் கோப்பு, உண்மைப் பெயருடன், ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. திறந்து அதன் வாலைப் பார்த்தேன். ஒரு பெயரின் நடுவே அறுந்திருந்தது. அந்தக் கடைசித் தமிழ்க் குறியீட்டின் மூன்று பைட்டுகளில் இரண்டு மட்டுமே வந்திருந்ததால், எழுத்துக்குப் பதிலாக ஒரு கறுப்பு வைரக்கட்டம் தெரிந்தது.

நடந்தது இதுதான். இணைப்பு அறுந்ததும் கொழும்புச் சேவையகம் தன் பக்கத்துக் குழாயை மூடிவிடுகிறது. போலி முனையம் இல்லாதபோது, ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு ‘இணைப்பு அறுந்தது’ என்ற சமிக்ஞை எதுவும் போவதில்லை. உள்ளீடு முடிந்துவிட்டது என்பது மட்டுமே அதற்குத் தெரிகிறது. ‘கேட்’ கட்டளைக்கு உள்ளீடு முடிவது என்றால் வேலை நிறைவாக முடிந்தது என்று பொருள். ஆகவே அது வெற்றிக் குறியுடன் வெளியேற, ‘&&’ குறி தன் கடமையைச் செய்து, பாதிக் கோப்புக்கு முழுக் கோப்பின் பெயரைச் சூட்டிவிட்டது.

தீர்வு எளியது, ஆனால் அதை நான் எந்தக் கையேட்டிலும் வாசித்து அறியவில்லை, பட்டுத்தான் அறிந்தேன். தரவை இங்கேயே செவன் ஜிப் என்ற மென்பொருளைக் கொண்டு ஜிஸிப் என்ற சுருக்க வடிவில் சுருக்கிவிட்டு, அந்தச் சுருக்கிய கோப்பைக் குழாயில் அனுப்ப வேண்டும். கொழும்பில் ‘கேட்’ இருந்த இடத்தில் ஜிஸிப்பின் விரிக்கும் கட்டளையை வைக்க வேண்டும். ஜிஸிப் ஓடையின் கடைசி எட்டு பைட்டுகளில், விரித்த தரவின் சரிபார்ப்புத் தொகையும் அதன் அளவும் எழுதப்பட்டிருக்கும். வழியில் அறுந்துபோனால் அந்த எட்டு பைட்டுகள் வந்து சேரா; வராவிட்டால் விரிக்கும் நிரல், எதிர்பாராத முடிவு என்று பிழை சொல்லித் தோல்விக் குறியுடன் வெளியேறும்; அப்போது ‘&&’ குறிக்குப் பின்னுள்ள பெயர்மாற்றம் நடக்காது. அதாவது, எல்லாம் வந்துவிட்டதா என்ற அறிவைக் குழாயிடம் எதிர்பார்க்காமல், தண்ணீரோடு சேர்த்தே அனுப்பிவிடுகிறோம். அனுப்பும் அளவு குறைவது கூடுதல் இலாபம். ஒரே பெயர்கள் நாள்தோறும் திரும்பத் திரும்ப வரும் தமிழ்க் கணக்குக் கோப்பு நன்றாகவே சுருங்கும். அதன் பின்னர் பிளிங்கின் சொந்தச் சுருக்கத் தெரிவான பெரிய ‘சி’யைச் சேர்ப்பதால் பயனில்லை.

எதிர்த்திசையில், கொழும்பிலிருந்து தரவை இழுக்கும்போதும் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் காத்திருக்கிறான். தொலைவில் ஓடிய கட்டளையின் வெளியேற்றக் குறியைப் பிளிங்க் நேர்மையாக இங்கே திருப்பித் தருகிறது. அதை வைத்தே என் தொகுதிக் கோப்பு, மீண்டும் முயலலாமா என்று தீர்மானிக்கிறது. ஆனால் தொலைவில் ஓடுவது இரு நிரல்கள் கோத்த குழாயாக இருந்தால், திரும்பி வருவது கடைசி நிரலின் குறி மட்டுமே. தரவுத்தளத்தை இறக்கும் நிரல் முதல் வரியிலேயே விழுந்துவிட்டாலும், பின்னாலுள்ள ஜிஸிப் ஒரு வெற்றுக் கோப்பை ஒழுங்காகச் சுருக்கி, வெற்றி என்று சொல்லிவிடும். லினக்ஸில் கட்டளைகளை ஓட்டும் ‘பாஷ்’ நிரலில், குழாயின் எந்த நிரல் விழுந்தாலும் தோல்விக் குறி தரும் ‘பைப்ஃபெயில்’ அமைப்பைப் போட்டால் இது தீரும்.

பாதியில் நின்றதை விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி பிளிங்கில் இல்லை. அதைக் குறையென்று சொல்வதும் பொருந்தாது. தான் எதைக் கடத்துகிறேன் என்றே அறியாத குழாய்க்கு விட்ட இடம் எப்படித் தெரியும்? இணையம் மோசமான மழைக்காலத்தில் பெரிய கோப்பை அனுப்ப வேண்டியிருந்தால், அதே குடும்பத்திலுள்ள, கோப்புகளைக் கடத்தும் நிரலான ‘பிஎஸ்எஃப்டிபி’யின் ‘ரீபுட்’ கட்டளையை எடுங்கள், பாதியிலிருந்து தொடரும். நாளாந்தக் கணக்குப் போன்ற சிறு கோப்புக்குப் பிளிங்க்தான் இலகு.

ஒரு வசதியைப் பற்றி மட்டும் புகழ்ந்தே ஆகவேண்டும். பலருக்கு அது இருப்பதே தெரியாது. பிளிங்க் எஸ்எஸ்எச் மட்டுமன்றி, கணினியின் சீரியல் துறையையும் பேசும். தொழிற்சாலையில் கொழுந்து லொறி வந்திறங்கும் இடத்திலுள்ள மின்னணுத் தராசுக்கு ஆர்எஸ் 232 வகைச் சீரியல் கம்பி இருந்தது. தராசு விற்றவர்களிடம் கேட்டபோது, அதிலிருந்து எடையை வாசிக்கத் தனி மென்பொருள் வாங்க வேண்டும் என்றார்கள். நான் ஒரு பிளிங்கைச் சீரியல் தெரிவுடன், 9600 வேகத்தில், தராசின் பக்கம் திறந்தேன். திரையில் எடைகள் வரிவரியாக இறங்கின. பிறகு ‘|’ குறியைப் போட்டு, அதன் வாலை எஸ்எஸ்எச் வழியாகக் கொழும்புக்குப் பேசும் இரண்டாவது பிளிங்கின் வாயில் வைத்தேன். மூட்டை தராசில் விழுந்த சற்றைக்கெல்லாம் அதன் எடை கொழும்புக் கணினியின் திரையில் தோன்றியதைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த டீமேக்கர் (தேயிலைத் தயாரிப்புப் பொறுப்பாளர்), “இன்னொரு மூட்டையை வைங்கப்பா, மறுபடி பார்ப்போம்” என்று ஆளைக் கூப்பிட்டார். ஒரு வாரம் நன்றாக ஓடிற்று. ஆனால் தராசு நேரத்தை அனுப்புவதில்லை, மூட்டை இல்லாதபோதும் பூச்சியங்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஆகவே இடையில் ஒரு சிறு நிரலை எழுதி வடிகட்ட வேண்டியதாயிற்று. அதற்கும் தனி மென்பொருளுக்குக் கேட்ட விலைக்கும் ஒப்பீடே இல்லை.

பாதுகாப்பைப் பற்றி. கடவுச்சொல்லைக் கட்டளையிலேயே எழுதும் தெரிவு பிளிங்கில் உண்டு, அதைப் பயன்படுத்தாதீர்கள். டாஸ்க் மனேஜரில் கட்டளை வரியைக் காட்டும் நெடுவரிசையைத் திறந்தால் எவரும் வாசித்துவிடலாம். 2022இல் வந்த 0.77 பதிப்பிலிருந்து கடவுச்சொல்லை ஒரு கோப்பிலிருந்து வாசிக்கவைக்கலாம். திறவுகோல் முறை அதைவிட மேல். ஆளில்லாமல் ஓடுவதற்கு, பூட்டுச்சொல் இல்லாத திறவுகோலைக் கணினியில் விட்டுவைத்தே ஆகவேண்டியிருக்கிறது. அந்தக் கணினி களவு போனால் என்ன செய்வது? கொழும்புச் சேவையகத்தில் அந்தத் திறவுகோலின் வரிக்கு முன்னால், அதைக் கொண்டு வருபவர் கணக்கு வாங்கும் அந்த ஒரே கட்டளையை மட்டுமே ஓட்டலாம், துறை கடத்தலும் முனையமும் கிடையாது என்று எழுதிவைத்திருக்கிறேன். திறவுகோல் எவர் கையில் அகப்பட்டாலும் அவர் செய்யக்கூடிய உச்சபட்சக் குறும்பு, எங்களுக்கு ஒரு பொய்க் கொழுந்துக் கணக்கை அனுப்புவதே.

புட்டிக் குடும்பத்தின் பெரும் சறுக்கல் 2024 ஏப்ரலில் வெளியாயிற்று. 0.68 முதல் 0.80 வரையான பதிப்புகள், பி 521 என்ற வகை இசிடிஎஸ்ஏ திறவுகோலைக் கொண்டு கையொப்பமிடும்போது, முற்றிலும் எழுந்தமானமாக இருக்கவேண்டிய எண்ணின் முதல் ஒன்பது பிட்டுகளை எப்போதும் பூச்சியமாகவே விட்டுவந்திருக்கின்றன. ஏறக்குறைய 60 கையொப்பங்களைச் சேகரிக்கும் ஒருவர் இரகசியத் திறவுகோலையே கணக்கிட்டு எடுத்துவிடலாம். வழியில் ஒட்டுக்கேட்பவருக்கு அவை கிடைக்கா. ஆனால் நாம் இணையும் சேவையகத்தைக் கைப்பற்றியவருக்குக் கிடைக்கும். இரவுக்கு ஒரு முறை இணையும் எங்களைப் போன்றவர்களுக்கு 60 என்பது இரண்டு மாத வேலை. 0.81 பதிப்பில் திருத்தினார்கள், காரணத்தையும் தங்கள் பக்கத்தில் மறைக்காமல் விளக்கினார்கள். ஆனால் மென்பொருளைப் புதுப்பித்தால் மட்டும் போதாது. பழைய பி 521 திறவுகோலையே எல்லாச் சேவையகங்களிலிருந்தும் நீக்க வேண்டும். நாங்கள் தொடக்கம் முதல் எட் 25519 வகையைப் பயன்படுத்தியதால் தப்பினோம். முன்யோசனை என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்த வகைத் திறவுகோல் குட்டையாக இருந்தது, தொலைபேசியில் வாசித்துச் சரிபார்க்க வசதியாக இருந்தது, அவ்வளவே.

பதிப்புப் பொருத்தம் பற்றியும் ஒரு சொல். 2021இன் 0.75 பதிப்பிலிருந்து திறவுகோல் கோப்பின் வடிவம் மாறியது. ஒரு தொழிற்சாலையில் முன்பு யாரோ போட்டுவிட்டுப் போன பழைய பிளிங்க், நான் கொண்டுபோன புதிய திறவுகோலை வாசிக்க மறுத்தது. வடிவம் தனக்குப் புதிது என்று பிழைச் செய்தி தெளிவாகச் சொன்னதால் பத்து நிமிடத்தில் தீர்ந்தது.

இந்த இடத்தில் நியாயமான கேள்வி ஒன்று எழும். 2018 முதல் விண்டோஸ் 10 உடனேயே ஓப்பன் எஸ்எஸ்எச் வருகிறதே, பின் ஏன் இது? புதிய கணினி வாங்கிய இரண்டு தொழிற்சாலைகளில் நானே பிளிங்கை எடுத்துவிட்டு அதைப் போட்டுவிட்டேன். அதன் அமைப்புகள் ரெஜிஸ்ட்ரியில் ஒளிந்திருக்காமல் சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கின்றன. கொழும்பு லினக்ஸில் பழகிய கட்டளையே இங்கும் செல்லுகிறது. சின்ன ‘பி’, பெரிய ‘பி’ வழக்கும் இல்லை. பவர்ஷெல் கேள்விக்குறியும், பாதிக் கோப்பும் மட்டும் அதிலும் அப்படியேதான் நேரும் என்பதால், மேலே சொன்ன ஜிஸிப் ஏற்பாட்டை அங்கும் வைத்திருக்கிறேன்.

மற்ற இரண்டு இடங்களில் பிளிங்க் தொடர்கிறது. ஒன்று, மஸ்கெலியாப் பக்கத்து விண்டோஸ் 7 கணினி. அதை மாற்றப் பணம் ஒதுக்குவதாகத் துரை (தோட்ட முகாமையாளர்) இரண்டு வருடமாகச் சொல்லிவருகிறார். மற்றொன்று, தராசு கட்டிய கணினி. சீரியல் துறையைப் பேசும் வேலைக்கு ஓப்பன் எஸ்எஸ்எச் உதவாது. அங்கே இரண்டு பிளிங்குகள் முதுகோடு முதுகாக நின்று, இரவு கடைசிக் கொழுந்து லொறி வரும்வரை எடைகளைக் கடத்திக்கொண்டிருக்கின்றன.